விஞ்ஞானமா, கலையா? திருகோணமலையிலிருந்து ஒரு விளக்கம்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். பிள்ளை சயன்ஸ் படிக்கட்டுமா, ஆர்ட்ஸ் படிக்கட்டுமா? கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' எடுத்த பிள்ளை கலைப்பிரிவைக் கேட்டுவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. குறைந்த பெறுபேறு எடுத்த பிள்ளைக்கோ யாரும் எதையும் கேட்பதில்லை. "ஆர்ட்ஸ் செய்யட்டும்" என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சுக்குள் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. உலகத்தை விளங்கிக்கொள்ள எந்த வழியை நம்புவது? அளந்தும் சோதித்தும் முடிவுக்கு வரும் விஞ்ஞானத்தையா? பாட்டாகவும் கதையாகவும் கூத்தாகவும் சிலையாகவும் உலகத்தை நம்முன் நிறுத்தும் கலையையா? பாடத்தெரிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்கும் சேர்த்தே விடை சொல்லிவிடுகிறார்கள். விஞ்ஞானம் உண்மை, கலை பொழுதுபோக்கு என்கிறது ஒரு தரப்பு. விஞ்ஞானத்துக்கு மனிதரைத் தெரியாது, உண்மையான ஞானம் முன்னோர் கதைகளில்தான் இருக்கிறது என்கிறது மறுதரப்பு. இரண்டும் பிழை. எங்கே பிழை, அந்தப் பிழையால் என்ன நேர்கிறது என்பதை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சில விடயங்களை வைத்தே விளக்கலாம்.

## பாடப்பிரிவு வேறு, அறியும் வழி வேறு

உயர்தரத்தில் உள்ள உயிரியல், பௌதிக விஞ்ஞானம், வர்த்தகம், கலை, தொழினுட்பம் ஆகிய பிரிவுகள் பல்கலைக்கழக அனுமதிக்கும் பாடசாலை நேரசூசிக்கும் ஏற்றபடி வகுக்கப்பட்டவை. உலகம் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை.

கலைப்பிரிவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புவியியல், பொருளியல், வரலாறு, அரசியல் விஞ்ஞானம், மொழிகள், சமயங்கள் ஆகியவை இருக்கின்றன. கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவையும் இருக்கின்றன. புவியியலும் பொருளியலும் தரவு தேடிச் சோதிக்கும் துறைகள். அவற்றைச் சங்கீதத்தோடு ஒரே பெட்டியில் போட்டுக் 'கலை' என்று எழுதிவிட்டோம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்ற பாடம் கலைப்பிரிவில்தான் இருக்கிறது. கருதுகோள் என்றால் என்ன, ஒரு கொள்கை எப்போது பொய்ப்பிக்கப்படும், கண்ட சில உதாரணங்களிலிருந்து காணாத எல்லாவற்றுக்கும் எப்படிப் போகலாம் என்பதையெல்லாம் ஒரு தனிப் பாடமாகப் படிப்பவள் கலைப்பிரிவு மாணவி. உயிரியல் படிக்கும் அவளுடைய தோழி விஞ்ஞானத்தின் முடிவுகளை நிறையப் படிக்கிறாள். அந்த முடிவுகளுக்கு விஞ்ஞானம் எப்படி வந்து சேர்கிறது என்பது அவளுக்குத் தனிப் பாடமாக இல்லை.

எனவே கலைப்பிரிவு என்பதும் கலை என்பதும் ஒன்றல்ல. கலைப்பிரிவு எடுத்தவர் விஞ்ஞானத்தைக் கைவிட்டவரும் அல்ல. குடும்பங்களின் பதற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: இசட் புள்ளி (வெவ்வேறு பாடங்களின் பெறுபேறுகளை ஒப்பிடும்படி மாற்றிய உயர்தரப் புள்ளி), அதன்படி வரும் அனுமதி, அதற்குப் பின் வேலை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய தகுதிக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற முறை விஞ்ஞானத் துறைகளில் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இந்தக் கணக்கைப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் வேலைக்கான கணக்கை உண்மைக்கான கணக்காக மாற்றிப் பிள்ளைக்குச் சொல்வது தவறு.

## இரண்டு வழிகளும் செய்வது என்ன?

இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்களையும் பின்வரும் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

1. விஞ்ஞானம்: யார் சோதித்தாலும் ஒரே விடை வரவேண்டிய கூற்றுகளைத் தேடும் முயற்சி. சோதிப்பவரின் பெயர், ஊர், மதம், துக்கம் எல்லாவற்றையும் அது வேண்டுமென்றே வெளியே நிறுத்துகிறது. வெப்பமானி அழுகிறவர் கையிலும் சிரிக்கிறவர் கையிலும் ஒரே அளவைக் காட்டவேண்டும். சோதனையில் தோற்ற கூற்றைக் கைவிடுவதற்கு முன்கூட்டியே உடன்பட்டிருப்பதுதான் அதன் பலம்.

2. கலை: ஒருவருக்கு நேர்ந்ததை, அல்லது நேரக்கூடியதை, இன்னொருவரும் உள்ளிருந்து உணரும்படி ஒரு வடிவத்தில் கட்டுவது. விஞ்ஞானம் வெளியே நிறுத்திய ஆளை, அந்த நேரத்தை, அந்தத் துக்கத்தைக் கலை மையத்தில் வைக்கிறது. சந்தமும் உருவமும் கதைப்பின்னலும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. ஒன்றை மறக்கமுடியாதபடி செய்வதற்கான கருவிகள் அவை.

இப்படிப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த இரண்டு விடைகள் அல்ல என்பது தெரியும்.

## கன்னியா: ஒரே தண்ணீர், இரு கேள்விகள்

நகரிலிருந்து சில கிலோமீற்றர் வடமேற்கே, அனுராதபுர வீதிக்கு அருகில் கன்னியா வெந்நீரூற்றுகள் இருக்கின்றன. சதுரமாகக் கட்டப்பட்ட சிறிய கிணறுகள் ஏழு. ஆழம் குறைவு, தரை கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறுபடும். பொதுவாக 37 முதல் 42 பாகை செல்சியஸ் வரையில் இருக்கும்.

முதல் கேள்வி: இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இலங்கையில் உயிருள்ள எரிமலை ஒன்றும் இல்லை. நாட்டின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறையால் ஆனது. எரிமலைச் சூட்டுக்கு இங்கே வழியே கிடையாது. நடப்பது இதுதான். மழைநீர் பாறையிலுள்ள வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. நிலத்துக்குக் கீழே போகப் போக வெப்பநிலை ஏறும். பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை ஏறும் என்று கொள்ளலாம். சூடேறிய நீர் வேறொரு வெடிப்பு வழியாக விரைவாக மேலே வந்தால் அதுவே வெந்நீரூற்று. சாதாரணக் கிணற்று நீரைவிடக் கன்னியா நீர் 10 பாகைக்கு மேல் சூடானது. ஆகவே குறைந்தது சில நூறு மீற்றர் ஆழம் அது போய் வந்திருக்கவேண்டும். வரும் வழியில் சூடு இழப்பதையும், மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் கலப்பதையும் சேர்த்தால் உண்மையான ஆழம் இன்னும் அதிகம். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவதற்கும் இந்தக் கலப்பு விகிதம் ஒரு காரணம். நீரில் கரைந்துள்ள சிலிக்காவின் அளவை வைத்து, அது கீழே எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதையும் கணிக்க முடியும்.

இது கன்னியாவோடு நிற்கும் கதை அல்ல. அம்பாந்தோட்டையில் மகாபெலஸ்ஸ, அம்பாறையில் மகா ஓயா, இங்கே கன்னியா என்று இலங்கையின் வெந்நீரூற்றுகள் ஒரு நீண்ட பட்டி வழியே அமைந்திருக்கின்றன. இலங்கையின் பழைய பாறைப் பிரிவுகளான உயர்நிலப் பாறைத்தொகுதியும் விஜயன் பாறைத்தொகுதியும் சந்திக்கும் எல்லையை அந்தப் பட்டி ஒட்டிச் செல்கிறது. தனித்தனியே அற்புதமாகத் தெரிந்த இடங்களை ஒரே காரணத்தின் கீழ் கொண்டுவருகிற இந்த வேலையை எந்தக் கதையாலும் செய்யமுடியாது.

இரண்டாவது கேள்வி: அம்மாவின் அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்குச் செய்யும் கடனுக்கு, ஒருவர் ஏன் இங்கே வருகிறார்? இராவணன் தன் தாய்க்குக் கடைசிக் கடன் செய்வதற்காக நிலத்தில் ஏழிடத்தில் குத்த, அங்கே வெந்நீர் ஊறியது என்பது ஊர்க்கதை. கயிலையையே பெயர்க்கத் துணிந்தவன் என்று புராணம் சொல்லும் அதே அரசன் இந்தக் கதையில் தாயை இழந்த ஒரு மகன் மட்டுமே. அவனுடைய பலம் முழுவதும் ஈமக்கடனுக்குத் தண்ணீர் எடுப்பதில் போய் முடிகிறது. துக்கம் யாரையும் விடாது என்று வெறுமனே சொன்னால் அது ஒரு செய்தி. பத்துத் தலையும் இருபது கையும் உள்ளவனை இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தினால், அந்தியேட்டிக்கு வந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டு நிற்பவருக்குத் தன் நிலை புரிகிறது. எத்தனை பாகை செல்சியஸ் என்ற விடை இந்த இடத்தில் பிழையானதல்ல. கேட்காத கேள்விக்கு உரியது, அவ்வளவுதான்.

கதையைப் புவியியலாக வாசித்து "இராவணன் காலத்துத் தொழினுட்பம்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விஞ்ஞானத்தைக் கெடுப்பதோடு கதையையும் கெடுக்கிறார்கள். தாயை இழந்த மகன் அங்கே ஒரு பொறியியலாளனாகச் சுருங்கிவிடுகிறான். பாறை வெடிப்பைக் காட்டி "ஆகவே அந்தியேட்டி வீண்" என்று சொல்பவரும் இதே பிழையை மறுபக்கமிருந்து செய்கிறார். அண்மைய ஆண்டுகளில், யாருடைய வழிபாட்டிடம் என்ற தகராறில், கன்னியா வழக்குக்கும் போராட்டத்துக்கும் உரிய இடமாகவும் ஆகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு செங்கல் எந்தக் காலத்தது என்பது தொல்லியல் விடைசொல்லக்கூடிய கேள்வி. அந்த விடையை எல்லாத் தரப்பும் ஆதாரத்தோடு ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். அங்கே யார் தன் தாய்க்குக் கடன் செய்யலாம் என்பதை எந்த அகழ்வும் தீர்மானிக்காது.

## ஒவ்வொன்றும் எப்படிப் பிழைபடும்?

கலை அவரவர் இரசனை, அதில் சரி பிழை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது கலையைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம். இரண்டு வழிகளுக்கும் சோதனை உண்டு.

1. விஞ்ஞானக் கூற்று அளவீட்டில் தோற்கும். கன்னியாவின் சூடு எரிமலைச் சூடு என்றால் அதற்குரிய பாறையும் வாயுக்களும் இருக்கவேண்டும். இல்லை. கருதுகோள் போய்விடுகிறது.

2. கலைப்படைப்பு அனுபவத்தில் தோற்கும். யாருக்கும் நேராத உணர்ச்சியைத் தயார்நிலையில் அச்சிட்டுக் கொடுக்கும் பாட்டு, இழவு வீட்டில் உதவாது. சாவீட்டில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிய ஒப்பாரி, அழத் தெரியாமல் விறைத்து நின்றவர்களை அழவைத்தது. அந்தச் சோதனையில் தேறியதால்தான் அது நின்றது.

3. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளந்தால் இரண்டுமே பிழைபடும். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று திருஞானசம்பந்தர் பாடினார். 7ஆம் நூற்றாண்டுப் பதிகம். முழங்கும் கடலின் அலை முத்துக்களை ஒதுக்கும் மலை என்பது பொருள். இதை மீன்பிடித் திணைக்கள அறிக்கைபோல வாசித்து, கோணேசர் மலையடியில் முத்து விளைந்தது என்று முடிவுகட்டக்கூடாது. தம்பலகாமக் குடாவில் மெல்லிய தட்டை ஓடுடைய சிப்பியிலிருந்து முத்தெடுத்தது 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் உள்ள தனி வரலாறு. அதைக் கொண்டுவந்து பதிகத்துக்குச் சாட்சி சொல்லவைக்கவேண்டிய தேவை இல்லை. பதிகத்தின் உண்மை அதன் ஓசையில் இருக்கிறது. கோணேசர் கோவில் இருக்கும் சுவாமிமலை உச்சியில் நின்று கீழே மோதும் கடலைக் கேட்டவருக்கு 'குரைகடல்' என்ற சொல் எவ்வளவு சரி என்று தெரியும்.

## 2004: தெரிந்தவர்களும் ஓடியவர்களும்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "சரி, அததற்கு அததன் இடம், பிரச்சினை தீர்ந்தது" என்று தோன்றலாம். தீரவில்லை. இரண்டும் தனித்தனி அறைகளில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கரை கண்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் சுமார் 15 நிமிடத்திலேயே முதல் அறிவித்தலை வெளியிட்டது, அளவை 8.0 என்று குறைவாகக் கணித்திருந்தாலும் நிலநடுக்கம் நடந்தது தெரிந்துவிட்டது. சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர்; 10 மீற்றர் ஆழத்துக்கு வந்தபின்னும் மணிக்கு 35 கிலோமீற்றருக்குக் குறையாது. இந்தச் சூத்திரம் அன்றைக்கு எந்த உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியருக்கும் புரியக்கூடியதே. அலை திருகோணமலைக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை ஒன்று அப்போது இல்லை. கிண்ணியாவில் வைத்தியசாலையே சிதைந்தது. நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் இறந்தனர்.

அதே காலையில் இன்னோர் இடம். சிமெலுவே என்ற இந்தோனேசியத் தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அலை அங்கே வர பத்து நிமிடமளவே எடுத்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். அவர்களுக்கு எந்த நிலையமும் அறிவிக்கவில்லை. 1907இல் அந்தத் தீவை ஒரு பேரலை அழித்தது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் வற்றினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து, அலையைக் கண்டிராத தலைமுறை அந்தக் கதையை நம்பி ஓடியது.

நம்மிடமும் கடல்கோள் கதை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. இந்திரவிழா எடுக்காமல் விட்டதே காரணம் என்கிறது. களனி மன்னன் செய்த குற்றத்துக்காகக் கடல் பொங்கிய கதை மகாவம்சத்தில் வருகிறது. இழப்பை இக்கதைகள் காத்தன. காரணத்தையும் அவை சொல்லின, ஆனால் அது அறத்தின் காரணம். கடல் எப்படி நடந்துகொண்டது, அப்போது கால்கள் என்ன செய்யவேண்டும் என்ற பகுதி நம் கதைகளில் வரவேயில்லை. சிமெலுவேயின் கதை சிறியது, அழகு குறைந்தது. ஆனால் கண்டதைக் கண்டபடி வைத்திருந்தது. கலைகள் எல்லாம் ஒரே தரத்தில் உலகத்தை அறிகின்றன என்று நான் சொல்லமாட்டேன். கூர்ந்து பார்த்துக் கட்டிய கதைக்கும், பார்த்ததை நீதிக்குள் கரைத்துவிட்ட கதைக்கும் இடையே அன்று உயிர்கள் நின்றன.

இதைக் கேட்டதும் பலர் சொல்வது: ஸ்மோங் பாட்டை மொழிபெயர்த்து நம் பாடசாலைகளில் பாடவைத்தால் போதாதா? இங்கேதான் விஞ்ஞானம் குறுக்கே வந்து நிற்கவேண்டும், இரண்டு காரணங்களுக்காக.

1. திருகோணமலை, வெடித்த பிளவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் இருக்கிறது. இங்கே பெரும்பாலானோர் நடுக்கத்தை உணரவே இல்லை. "நிலம் ஆடினால்" என்று தொடங்கும் பாட்டு இங்கே தொடங்கவே மாட்டாது.

2. 2004இல் கடலடித் தரை பிளவின் மேற்குப் பக்கத்தில் உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இலங்கைக்கு வந்த முதல் அசைவு நீர் மேலெழுவதாகவே இருந்தது. பல கரைகளில் அந்த முதல் எழுச்சிக்குப் பின்புதான் கடல் வெகுதூரம் வற்றியது. வெளிப்பட்ட தரையைப் பார்க்கவும் மீன் பொறுக்கவும் சனம் இறங்கிய நேரத்தில் அடுத்த பெரிய அலை வந்தது. "கடல் வற்றினால் ஓடு" என்பதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, முதல் எழுச்சியில் கால் நனைந்து நின்று வேடிக்கை பார்க்கும்.

ஆகவே நமக்கு வேண்டிய பாட்டு வேறு: கடல் ஏறினாலும் வற்றினாலும், வழக்கத்துக்கு மாறினால் உடனே உள்ளே போ, முதல் அலை போனபின் திரும்பி வராதே, மணிக்கணக்காக மேட்டிலேயே இரு. பாட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதைக் கடலியலாளர் சொல்லவேண்டும். அது நூறு ஆண்டு நிற்கும்படி கட்டவேண்டியவர் கவி. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவின் சந்தம் இருக்கிறது, கிண்ணியா, மூதூர் மக்களின் கவிகள் இருக்கின்றன, கும்மி இருக்கிறது. எந்தச் சந்தம் எந்தக் கரையில் நிற்கும் என்பதை அந்தக் கரையின் மக்கள்தான் சொல்லமுடியும்.

"இப்போது எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றனவே" என்று கேட்கலாம். உண்மை. 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. 2011 முதல் இந்து சமுத்திரத்துக்கெனத் தனி எச்சரிக்கை முறை முழுமையாக இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்ளே போனார்கள். பேரலை வரவில்லை. அந்த நடுக்கத்தில் பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் வழுக்கின. கடலடி பெரிதாக உயராததால் நீர் அதிகம் தள்ளப்படவில்லை. எச்சரிக்கை கொடுத்தது சரியான முடிவு, ஏனெனில் முதல் நிமிடங்களில் இந்த வேறுபாட்டை உறுதியாகச் சொல்வது கடினம். ஆனால் "போன முறையும் சொன்னாங்க, ஒண்டும் வரேல்ல" என்ற பேச்சு அடுத்த முறை ஆட்களை நிறுத்திவைக்கும். அந்தப் பேச்சை எதிர்த்து நிற்கக்கூடிய வலு சைரனுக்குக் கிடையாது. சிறுவயதில் காதில் விழுந்து ஊறிய ஒன்றுக்கு உண்டு.

## ஒரே நரம்பில் இரண்டும்: விபுலாநந்தரின் வேலை

இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கமுடியுமா என்ற கேள்விக்குக் கிழக்கிலங்கை ஏற்கனவே விடை தந்திருக்கிறது. சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தார். கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக பீ.எஸ்ஸி. பட்டம், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியர், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்பு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

அவர் இரண்டையும் படித்தார் என்பதைவிட, இரண்டையும் எதில் பொருத்தினார் என்பதே முக்கியம். பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்துவிட்டது. ஒலிப்பதிவு இல்லை. எஞ்சியவை சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை போன்ற பகுதிகளும் உரைகளும். அந்த வரிகளில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு இசைகளும் அவற்றுக்கிடையிலான உறவுகளும் செய்யுளாக இருக்கின்றன. விபுலாநந்தர் அவற்றைக் கவிதையாக வாசித்தார். பிறகு கணக்காகவும் வாசித்தார். நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தானத்தில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் சட்சத்துக்கு (ச) பஞ்சமம் (ப) கேட்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் மத்திமம் (ம). அதிர்வெண் நரம்பின் நீளத்துக்கு நேர்மாறாக மாறும் என்ற இந்தப் பௌதிக விதி பழைய இசைக்காரருக்குச் சூத்திரமாகத் தெரியாது, செவியால் தெரியும். அந்தச் செவியின் பதிவையும் விகிதங்களையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்த்து அவர் யாழின் இசைமுறையை மீட்டெடுக்க முயன்றார். 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்த இசை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அதில் வியப்பில்லை, சோதிக்கத்தக்க விதத்தில் எழுதப்பட்ட நூல் மறுக்கவும் தக்கதாக இருக்கும். ஆனால் செய்யுளை உணராதவரால் அந்தக் கணக்கைத் தொடங்கியிருக்க முடியாது, கணக்குத் தெரியாதவரால் அந்தச் செய்யுளைத் திறந்திருக்கவும் முடியாது.

## அப்படியானால் தெரிவு எதில்?

தெரிவு ஆளுக்கு ஆள் செய்வதல்ல, கேள்விக்குக் கேள்வி செய்வது. இதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் விதத்தில் இப்படிச் சொல்லலாம்.

1. விடை யார் கேட்டாலும் ஒன்றாக இருக்கவேண்டிய கேள்வி என்றால் விஞ்ஞானத்திடம் போகவேண்டும். டெங்குக் காய்ச்சலுக்கு என்ன செய்வது, கிணற்று நீர் குடிக்கலாமா, கடல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பவை அப்படிப்பட்டவை. இங்கே கதையை நம்பி நிற்பது ஆபத்து.

2. இது எனக்கு என்ன, நமக்கு என்ன என்ற கேள்வி என்றால் கலையிடம் போகவேண்டும். போரும் சுனாமியும் கடந்த ஒரு மாவட்டத்தில் இந்தக் கேள்வி இரண்டாம்பட்சமானதல்ல. எண்ணிக்கை அறிக்கைகளில் இறந்தவர் ஓர் அலகு. ஒரு நல்ல கவிதையில் அவருக்கு முகம் இருக்கிறது.

3. அறிந்ததை ஆட்கள் செய்யவேண்டும் என்றால் இரண்டும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். இந்த மூன்றாவது வகைக் கேள்விகள்தான் நம்மிடம் அதிகம். இவற்றுக்குத்தான் நம் பாடசாலைகளில் மேசையே இல்லை.

பதினாறு வயதுப் பிள்ளை உயர்தரப் பிரிவு ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். இசட் புள்ளியையும் வேலையையும் பார்த்துத் தெரிவுசெய்யட்டும். சாதாரண தரம் வரை எல்லாப் பிள்ளையும் விஞ்ஞானமும் படித்து, இசை, நடனம், சித்திரம், நாடகம், இலக்கியம் போன்றவற்றில் ஒன்றையும் படித்துத்தான் வருகிறது. உயர்தரத்தில் ஒன்றை நிறுத்துவது பரீட்சைக்காக. அதைப் புத்திக்கும் நிறுத்திவிடத் தேவையில்லை. உயிரியல் படிக்கும் பிள்ளை நாவல் வாசித்தால் நேரம் வீண் என்று சொல்லும் வீடும், ஆர்ட்ஸ் பிள்ளைக்கு நிலநடுக்கம் பற்றி என்ன தேவை என்று கேட்கும் வகுப்பறையும்தான் உண்மையான இழப்பை உண்டாக்குகின்றன.

பாடசாலைகள் நாளைக்கே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்லலாம். உயர்தரப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் சுரமானி இருக்கிறது; இழுத்த கம்பியின் நீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் அதில் அளக்கிறார்கள். அதே வளவில் சங்கீத வகுப்பில் வீணை இருக்கிறது. வீணையின் மெட்டுகளை, அதாவது தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகளை, கைவினைஞர் மெழுகில் பதிப்பது செவியால், கணக்கால் அல்ல. இரு வகுப்பும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து, தந்தி அதிரத் தொடங்கும் முனையான மேருவிலிருந்து ஒவ்வொரு மெட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, சூத்திரப்படி வரவேண்டிய தூரத்தோடு ஒப்பிடட்டும். இரண்டும் மிக நெருங்கி வரும். ஆனால் அச்சொட்டாகப் பொருந்தாது. விரலால் அழுத்தும்போது தந்தியின் இழுவிசை சற்று ஏறிச் சுரமும் ஏறுகிறது. செவி அந்த ஏற்றத்தைக் கேட்டு மெட்டை நகர்த்தி வைத்திருக்கிறது. அந்த வித்தியாசம் எத்தனை மில்லிமீற்றர் என்று பௌதிகவியல் மாணவர் அளக்கலாம். சூத்திரம் சொல்லும் இடத்துக்கு மெட்டை நகர்த்திப் பார்த்தால் இராகம் என்ன ஆகிறது என்று சங்கீத மாணவி பாடிக் காட்டலாம்.